தீவுகளின் ஆங்கில இலக்கியமும் கல்முனைக் கரையும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

பிரித்தானியப் பேரரசிடமிருந்து விடுபட்ட நாடுகளில் ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற ஆக்கங்களை ஒரே தொகுதியாகக் கொண்டு நோக்கும் வழக்கம், 1964இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டோடு நிறுவன வடிவம் பெற்றது. அன்று அதற்கு இடப்பட்ட பெயர் ‘பொதுநலவாய இலக்கியம்’. பின்னர் அதுவே ‘பின்காலனித்துவ இலக்கியம்’ ஆயிற்று. பெயர் மாறினும் தொகுக்கும் முறை மாறவில்லை. ட்றினிடாட், பார்படோஸ், சென் லூசியா, பிஜி, இலங்கை என்பன தீவுகள். யாவும் ஒரே முடியின் கீழ் இருந்தவை. ஆகவே அவற்றின் ஆங்கில எழுத்துகள் ஓரினத்தவை என்ற எடுகோள் இன்றும் பாடத்திட்டங்களில் வாழ்கின்றது. புவியியல் ஒற்றுமையை வரலாற்று ஒற்றுமையாக மயங்கும் இவ்வெடுகோளைக் கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையில் நின்று பரிசீலிப்பதே எமது நோக்கமாகும். ஆங்கில நாவல்களின் வரலாற்றை எழுதுவதற்கு இது பொருத்தமற்ற இடம் என எவரேனும் கருதலாம். பொருத்தமற்ற இடமாக அது ஏன் ஆயிற்று என்பதே எமது வினா. (நூற்பெயர்களைப் பெரும்பாலும் தமிழாக்கியே தருகின்றோம்.)

மேற்கிந்தியத் தீவுகளில் ஆங்கிலம் வேரூன்றிய விதம் கொடூரமானது. கரும்புத் தோட்டங்களுக்காக ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் பல மொழியினர். தோட்ட உற்பத்தி முறையின் கீழ் அம்மொழிகள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. எசமானனின் மொழியை அடிமை தன் நாவுக்கும் தன் நினைவிலிருந்த இலக்கணத்துக்கும் ஏற்ப உடைத்துத் தனதாக்கிக்கொண்டான். 1834இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டபின், ட்றினிடாட்டுக்கு 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாளடைவில் அக்கலப்பு ஆங்கிலத்தையே பேசலாயினர். எனவே அங்கு ஆங்கிலம் ஆள்வோரின் மொழி மட்டுமன்று. கரும்பு வெட்டியவன் தன் பிள்ளையை ஏசிய மொழியும் அதுவே. ஜோர்ஜ் லமிங் 1953இல் ‘என் தோலெனும் கோட்டையில்’ என்ற நாவலைப் படைத்தபோது, பார்படோஸ் கிராமத்தவரின் பேச்சை அவர் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எட்வேட் கமாவ் பிறத்வெயிற் அப்பேச்சைத் ‘தேசமொழி’ எனக் கொண்டு வாதிட்டமைக்கும் இதுவே அடிப்படை.

இலங்கையின் நிலை வேறு. இங்கு மக்கள் மொழிகள் அழியவில்லை. சிங்களமும் தமிழும் தத்தம் உழவரோடும் கைவினைஞரோடும் நிலைபெற்றிருந்தன. 1833இன் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து ஆங்கிலம் கச்சேரி, நீதிமன்றம், ஆங்கிலப் பாடசாலை என்னும் மூன்று வாயில்கள் வழியாகப் புகுந்தது. அவ்வாயில்களில் நுழைந்தோர் பறங்கியர், கரைநாட்டு முதலியார் குடும்பத்தினர், மிசன் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்தார், கொழும்பு – கண்டி நகரங்களின் வணிகர் சிலர் ஆகியோரே. ஆகவே இலங்கையில் ஆங்கிலம் ஓர் இனத்தின் மொழியாகவன்றி ஒரு வர்க்கத்தின் மொழியாக வளர்ந்தது. சிங்கள மாணவர் அதனைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைத்தமை வெறும் நகைச்சுவையன்று. வாள் எவர் கையில் இருக்கிறது, எவர் கழுத்தை நோக்குகிறது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்கள், அதாவது மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீண்டு பொத்துவில் வரை செல்பவை, இவ்வாயில்களுக்கு வெளியே நின்றன. இதனை மதப் பழைமைவாதம் என்று மட்டும் விளக்குவோர் உண்டு. மிசன் பாடசாலை மதமாற்றத்தின் கருவி என்ற அச்சம் இருந்தது மெய்யே. ஆயின் அது பாதி விளக்கமே. இவ்வூர்களின் பொருளாதார அடித்தளம் நெல்வயல். நிலவுடைமையாளரான போடியார், அவருக்குக் கீழ் வயற்காரர், கரைவலை இழுக்கும் கடற்றொழிலாளர், மருதமுனையின் கைத்தறி நெசவாளர் என்பதே இங்கு நிலவிய உழைப்புப் பிரிவினை. இவ்வமைப்பை இயக்குவதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. கணக்கும் வழக்கும் கவியும் தமிழில் நடந்தன. ஓதல் அரபில் நடந்தது. ஆங்கிலம் இங்கு காணி உறுதியின் வடிவிலும் கச்சேரிக் கடிதத்தின் வடிவிலும் வந்தது. அதனை வாசிக்க ஒருவரைத் தேடிப் போகவேண்டியிருந்தது. வாசித்துச் சொன்னவர் சொன்னதே பொருளாயிற்று.

இக்கரையின் மக்கள் யார் என்பதைத் தீர்மானிக்க முயன்ற முதற் பெரும் விவாதமும் அவர்கள் வாசிக்கமுடியாத மொழியிலேயே நிகழ்ந்தது. இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. ஏனெனில் இலங்கை ஆங்கில எழுத்தின் இயல்பை எந்த நாவலையும்விட இவ்விவாதமே துலக்கமாகக் காட்டுகின்றது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில், இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய கட்டுரையைப் படித்தார். மொழி, வழக்காறு, உடற்கூறு ஆகியவற்றைச் சான்றாக்கி, சோனகர் இனத்தால் தமிழரே. மதத்தால் மட்டும் வேறுபட்டோர் என்பது அவர் வாதம். சட்டவாக்க சபையில் சோனகருக்குத் தனி உறுப்பினர் வழங்குவது குறித்துப் பேசப்பட்ட காலம் அது. 1889இல் எம். சி. அப்துல் ரஹ்மான் அவ்வாறு நியமனமும் பெற்றார். இராமநாதனின் கட்டுரைக்கு ஐ. எல். எம். அப்துல் அசீஸ் எழுதிய விரிவான மறுப்பு 1907இல் வெளிவந்தது. சோனகரின் முன்னோர் அரபு வணிகர். தமிழ் வணிகத்தின் பொருட்டு ஏற்ற மொழி. மொழி ஒன்றாதல் இனம் ஒன்றாதலாகாது என்பது அவர் நிலைப்பாடு. இரு கட்டுரைகளும் ஆங்கிலத்தில் எழுதப்பெற்றவை. இரண்டின் இறுதி வாசகனும் ஆங்கிலேய ஆளுநரே.

இங்கு எவர் சொன்னது சரி என்ற வினாவை நாம் எழுப்பவில்லை. ஒரு மக்கட்கூட்டம் தன்னை எவ்வாறு அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கும். எமது கவனத்துக்குரியது பிறிதொன்று. இராமநாதனின் பார்வையிலும் சரி, அசீஸின் பார்வையிலும் சரி, ‘சோனகன்’ என்பவன் பெரும்பாலும் வணிகன். கிழக்கின் வயற்காரனுக்கு அதில் உரிய இடமில்லை. தாய்வழிக் குடி முறையை அயல் தமிழ்க் கிராமத்தவரோடு பகிர்ந்துகொண்டு, மணமான மகளுக்கே வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுத்து, பள்ளிவாசல் நிருவாகத்தையும் குடிமுறைப்படி வகுத்து வாழ்ந்த ஒரு விவசாய சமூகம், இரு தரப்பினரின் வாதத்தையும் சிக்கலாக்கக்கூடியது. அது அயலவரைப் போன்றதுமாகும், அயலவரிலிருந்து வேறானதுமாகும். இச்சமூகம் ஆங்கிலத்தில் ஒழுங்காக ஆராயப்படுவதற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதும் எழுதியவர்கள் மானிடவியலாளரே: நூர் யல்மன் 1967இலும், அக்கரைப்பற்றை நீண்டகாலம் ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்றே 2008இலும் தம் நூல்களை வெளியிட்டனர். இவை மதிப்புமிக்க ஆய்வுகள். எனினும் ஓர் உண்மை உறுத்துகின்றது. எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட விவரண நூலிலிருந்து இன்றைய நிறுவன அறிக்கைகள் வரை, ஆங்கிலத்தில் இக்கரை விவரிக்கப்படும் பொருளாகவே தோன்றுகின்றது. பேசும் குரலாகத் தோன்றுவது அரிது.

சித்திலெவ்வையின் தேர்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கண்டியில் சட்டத்தரணியாக விளங்கிய அவர் ஆங்கிலம் நன்கறிந்தவர். முஸ்லிம்களுக்கு ஆங்கிலக் கல்வி வேண்டுமென்று வாதாடியவர். ஆனால் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தமிழிலேயே தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலையும் தமிழிலேயே எழுதினார். பிரித்தானியரால் தோற்கடிக்கப்பட்டு இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட எகிப்தியத் தளபதி அராபி பாஷா இத்தீவில் வாழ்ந்துகொண்டிருந்த காலம் அது. எகிப்தை நோக்கி விரியும் அந்நாவலின் கற்பனைக்கு அக்காலச் சூழலோடு தொடர்பில்லை எனக் கூறவியலாது. ஆங்கிலம் கற்கவேண்டிய கருவி, தமிழ் எழுதவேண்டிய மொழி என்ற அவரது பிரிவினை, பின்வந்த கிழக்கிலங்கை முஸ்லிம் எழுத்தாளரிடம் ஏறத்தாழ ஒரு விதியாகவே நிலைத்தது.

இலங்கையின் ஆங்கில நாவலுக்கு வருவோம். சிறந்த தொடக்கத்தை வழங்கியவர் ஓர் ஆட்சியாளர் என்பது வரலாற்றின் முரண். அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப், 1913இல் ‘காட்டினுள் ஒரு கிராமம்’ என்ற நாவலை வெளியிட்டார். வரி, கடன், நீதிமன்றம் என்பவற்றின் சுமையால் ஒரு சிங்களக் கிராமம் சிதைந்து காட்டினுள் மறைவதை அது காட்டுகின்றது. தாம் நடத்திய ஆட்சி இயந்திரத்தையே அவர் உள்ளிருந்து நோக்கினார். அவருக்குப் பின் எழுதிய இலங்கையரிடம் இக்கூர்மையை நெடுங்காலம் காணமுடியவில்லை. ஜே. விஜயதுங்கவின் 1935ஆம் ஆண்டு நூல், தொலைவிலிருந்து நினைவுகூரப்படும் இனிய கிராமத்தையே தருகின்றது. புண்யகாந்தி விஜேநாயக்க 1966இல் நிலத்தை நாடும் குடியானவனை மையமாகக் கொண்டார். அது பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும் அக்குடியானவன் பேசும் ஆங்கிலம் அவன் பேசாத மொழி. லமிங்குக்கு எழாத சிக்கல் இங்கு ஒவ்வொரு உரையாடலிலும் எழுகின்றது. இச்சிக்கலை நேர்மையாக எதிர்கொண்டவர் கவிஞர் லக்தாச விக்கிரமசிங்க. ஆங்கிலத்தில் எழுதுவது ஒருவகைப் பண்பாட்டுத் துரோகம் என 1965இல் தமது முதல் தொகுதியின் முன்னுரையிலேயே அவர் எழுதினார். 1978இல் இறக்கும்வரை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டும் இருந்தார். இம்முரணைச் சிலர் பாசாங்கு என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு வர்க்கத்தினுள் பிறந்து அதன் ஆயுதத்தாலேயே அதனைத் தாக்க முனைந்தவனின் முரண் அது.

மலையகத்தின் சி. வி. வேலுப்பிள்ளை இதனினும் வியப்பானதோர் உதாரணம். தொழிற்சங்கவாதியாகவும் 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவராகவும் விளங்கிய அவர், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ஆங்கிலக் கவிதையாக வடித்தார். அக்கவிதை சக்தி பாலையாவின் தமிழாக்கத்தில் 1969இல் அம்மக்களின் மொழிக்குத் திரும்பியது. இதனருகே ட்றினிடாட்டின் சாமுவேல் செல்வனை வைத்து நோக்குக. அவருடைய தந்தையார் சென்னையிலிருந்து சென்ற தமிழ்க் கிறித்தவர். செல்வனுக்குத் தமிழ் எஞ்சவில்லை. ஆனால் 1956இல் வெளிவந்த ‘தனித்த லண்டன்வாசிகள்’ நாவலில், கதாபாத்திரங்களை மட்டுமன்றிக் கதைசொல்லியையும் ட்றினிடாட்டின் தெருப்பேச்சிலேயே பேசவைத்தார். ஒரே பேரரசு தோட்டங்களுக்காக இடம்பெயர்த்த தமிழரின் வழியில் வந்த இருவர். ஒருவருடைய மக்கள் தமிழை இழந்து ஆங்கிலத்தைத் தமதாக்கினர். மற்றவருடைய மக்கள் தமிழைக் காத்தனர், ஆயின் 1948இன் சட்டத்தால் குடியுரிமையை இழந்தனர். அவர்களுக்காகப் பேசிய ஆங்கிலம் அவர்கள் தலைக்கு மேலாகச் சென்று பிறரை அடைந்தது. வேலுப்பிள்ளை பின்னர் ‘வீடற்றவன்’, ‘இனிப் படமாட்டேன்’ ஆகிய நாவல்களைத் தமிழில் எழுதியமை தற்செயலன்று.

ஆங்கிலத்தின் மீது இவ்வளவு குற்றஞ்சுமத்தியபின், இக்கரையின் அனுபவம் எம்மை வேறொரு பக்கத்தையும் நோக்க நிர்ப்பந்திக்கின்றது. 1944இல் அரசாங்க சபையில் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணை வந்தபோது, கிழக்கிலங்கைப் பிரதிநிதி வி. நல்லையா தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை முன்மொழிந்தார். (தாய்மொழிகளுக்காக நடந்த அவ்விவாதமும் ஆங்கிலத்திலேயே நடந்தது.) 1956இன் தனிச்சிங்களச் சட்டம் அத்திருத்தத்தின் உணர்வை அழித்தது. அதே ஆண்டில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டது. 1949இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் குடியேற்றங்கள் ஏற்கெனவே கரையோர மக்களின் மேற்கு எல்லையை மாற்றத் தொடங்கியிருந்தன. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது, கச்சேரி கல்முனையிலன்றி அம்பாறை நகரில் அமைந்தது. கரையோர மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கையின் வேர் இங்குள்ளது. ஆங்கிலம் அகன்ற இடத்தில் தமிழ் வரவில்லை. தமிழ் பேசும் முஸ்லிம் விவசாயியின் கையில் இருந்த விளங்காத கடிதம் விளங்காத கடிதமாகவே இருந்தது. எழுத்து மட்டும் மாறியது. இந்நிலையில், இரு தரப்புக்கும் சொந்தமல்லாத ஆங்கிலம் சிலவேளை பாதுகாப்பாகவும் பயன்பட்டது. கைமாறக்கூடிய ஆயுதத்தை நிரந்தரமாகவே பகைவனுடையதென்று கொள்வது இயங்கியல் நோக்காகாது.

1983க்குப் பின்னர் இலங்கையின் ஆங்கில இலக்கியம் புதிய தீவிரம் பெற்றது. ஜீன் அரசநாயகம் 1984இல் அவ்வாண்டின் வன்முறையைக் கவிதையாக்கினார். 1990களின் தொடக்கத்தில் கிரேஷன் பரிசு நிறுவப்பட்டது. 1994இல் ஷியாம் செல்வதுரையின் நாவலும், 1997இல் அ. சிவானந்தனின் ‘நினைவு மரணிக்கும்போது’ என்ற நாவலும் வெளிவந்தன. சிவானந்தனின் நாவலை நாம் தனியே விதந்துரைப்போம். இனமுரண்பாட்டைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி வீழ்ச்சியோடு இணைத்து மூன்று தலைமுறைகளுக்கூடாக விளக்கும் வேறோர் இலங்கை ஆங்கில நாவலை நாம் அறியோம். 2022இல் ஷெஹான் கருணாதிலகவுக்கு புக்கர் பரிசு கிடைத்தபோது இவ்வெழுத்து உலகக் கவனத்தின் மையத்துக்கே வந்தது. எனினும் இந்நாவல்களின் பொதுவான வரைபடம் சிங்களவர் – தமிழர் என்ற இருமையாலேயே வரையப்பட்டது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதோர் கொல்லப்பட்டமையும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டமையும் அவ்வரைபடத்தின் ஓரத்திலேயே நிற்கின்றன. அமீனா ஹுசைனின் 2009ஆம் ஆண்டு நாவல் முஸ்லிம் வாழ்வை மையப்படுத்தியது, அது வரவேற்கத்தக்கது. ஆயினும் அதன் உலகம் வசதிபடைத்த நகர முஸ்லிம் குடும்பத்தின் உலகம். கிழக்கின் வயலும் தறியும் வலையும் அதற்கு வெளியே உள்ளன.

2004 டிசம்பர் 26ஐ எடுத்துக்கொள்வோம். ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடலை அடுத்திருந்த குடிமனைகள் முழுமையாகவே அழிந்தன. இப்பேரழிவைப் பற்றி உலகம் ஆங்கிலத்தில் விரும்பி வாசித்த நூல் சோனாலி தெரணியகலவின் ‘அலை’ (2013). யால வனப்பகுதியில் பெற்றோரையும் கணவரையும் இரு புதல்வரையும் ஒரே காலையில் இழந்த ஒரு பெண்ணின் நூல் அது. அதன் துயரம் உண்மையானது. அதனை எடைபோட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இலக்கிய வரலாற்று மாணவன் ஒரு வினாவைத் தவிர்க்கமுடியாது. அதே காலையில் அதே கடலுக்குத் தன் பிள்ளைகளைக் கொடுத்த கல்முனைக்குடித் தாய்க்கும் அந்த வாசகருக்குமிடையே உள்ள தூரம் எத்தகையது? துயரத்தின் அளவால் ஏற்பட்ட தூரமன்று அது. கல்வி, பிரசுரம், பரிசு, விநியோகம் என்பவற்றால் ஆன தூரம். அத்தாயின் கதை ஆங்கிலத்தில் உண்டு. நிவாரண அறிக்கையின் புள்ளிவிவரமாக.

இக்கரையினர் ஆங்கிலத்தை வேறொரு திசையில் பயன்படுத்தினர். அதுவே எமக்கு மிகுந்த நம்பிக்கை தருவது. கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான், 1969 – 70 காலப்பகுதியில் இங்கிருந்தே ‘கவிஞன்’ இதழை வெளியிட்டவர். பெரியநீலாவணையின் நீலாவணன், மருதமுனையின் மருதூர்க் கொத்தன் முதலியோர் இயங்கிய காலம் அது. தமிழரும் முஸ்லிம்களுமாய் ஒரே பிரதேசத்தில் வாழ்ந்து ஒரே இலக்கியச் சூழலை அவர்கள் உருவாக்கினர் என்பதை இன்றைய பிளவுகளினூடே மறக்கலாகாது. நுஃமான் 1981இல் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ தொகுதியைத் தமிழில் தந்தார். 2008இல் மஹ்மூத் தர்வீஷின் கவிதைகளையும் தந்தார். இவை ஆங்கிலம் வழியாக வந்தவை. இதிலுள்ள வரலாற்று முரணைச் சிந்திக்க வேண்டும். அரபு எழுத்தைச் சிறுவயதிலேயே ஓதிப் பழகும் ஊர்கள் இவை. கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பேரால் கொடியேறும் ஊர் இது. நூற்றாண்டுகளாக இங்கு அரபு அறியப்பட்டிருந்தது. ஆனால் நிலம் பறிக்கப்பட்ட அரபு மனிதனின் குரல் இங்கு வந்துசேர்வதற்கு ஆங்கிலம் என்ற பாலம் வேண்டியிருந்தது. மதம் கொண்டுவராத அரபை ஏகாதிபத்தியத்தின் மொழி கொண்டுவந்தது. கொண்டுவந்தவர் அதனைத் தமிழாக்கி, தம் மக்களின் நிலப்பிரச்சினையோடு சேர்த்து வாசிக்கத்தக்கதாக்கினார்.

மறுதிசையில், அதாவது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு, நடைபெற்றுள்ள வேலை குறைவு. செல்வா கனகநாயகம் 2001இல் தொகுத்த ஈழத்துத் தமிழ் இலக்கியத் தொகுதி ஒரு முக்கியமான படி. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’ போன்ற கவிதைகள் ஆங்கிலத்தில் வாசகரைப் பெற்றுள்ளன. ஆனால் நவீன கவிதையைவிட மிகக் கடினமானது, நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அரும்பாடுபட்டுத் தொகுத்த முஸ்லிம் பெண்களின் வாய்மொழிக் கவிகளை மொழிபெயர்ப்பது. வயலுக்குப் போன மச்சானை நோக்கி, வாப்பாவுக்கும் காக்காவுக்கும் கேட்காதவாறு பாடப்படும் கவியில், ஒவ்வோர் உறவுச்சொல்லும் குடிமுறையையும் சீதன வீட்டையும் மணஉரிமையையும் சுமந்து நிற்கின்றது. ‘மச்சான்’ என்பதற்கு ஆங்கிலம் தரும் சொல், அவளை மணக்க உரிமையுள்ளவன் அவன் என்பதைச் சொல்லாது. ‘காக்கா’ என்பதை ‘மூத்த சகோதரன்’ எனப் பெயர்த்தால் அதிலுள்ள அச்சமும் பாசமும் ஒருங்கே உதிர்ந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் வழமையாக அடிக்குறிப்பை நாடுகின்றனர். நாம் வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா, மச்சான் என்பவற்றை அப்படியே ஆங்கில வரியினுள் விட்டுவிடுமாறு கூறுவோம். ட்றினிடாட்டின் தெருச்சொற்களை லண்டன் வாசகருக்காகச் செல்வன் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அச்சொற்களை வாசகரே வாசித்து வாசித்துக் கற்றுக்கொண்டனர்.